பழைய லேப்டாப்புக்கு நாமே ரேம் போடலாமா?

கேள்வி இதுதான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கும் தம்பி, செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். தங்கை இந்த ஆண்டு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதப் போகிறாள். அவளுக்காக ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக ஒரு லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 வாங்கினார். ரேம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குள் போய், கூகுள் கிளாஸ்ரூமைத் திறந்து, கூடவே ஒரு பி.டி.எஃப். பார்த்தால் மவுஸ் அம்புக்குறிகூட நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால், "இதற்கு மேல் செலவு பண்ணாதே, புதுசு வாங்கு" என்கிறார்கள். ரேமை நானே கூட்டலாமா, எதை வாங்குவது, திறந்தால் கெட்டுப்போகுமா என்று கேட்கிறார்.

கூட்டலாம், தம்பி. லேப்டாப்பில் நாமே செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் ரொம்ப எளிது. சாலிடரிங் கிடையாது, வயர் அறுப்பது கிடையாது. திருகைக் கழற்றி, ஒன்றைச் செருகி, மறுபடி மூடினால் முடிந்தது. கை வேலை பத்து நிமிடம்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். உண்மையிலேயே ரேம்தான் போதவில்லையா என்பது ஒன்று, உங்கள் மெஷின் எந்த ரேமை ஏற்கும் என்பது இன்னொன்று. பணம் வீணாவதெல்லாம் இந்த இரண்டில்தான், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும்போது அல்ல.

புதுசு வாங்கச் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வியாபாரம். ஆனால் நம் கணக்கு வேறு. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஓரளவு நல்ல புது லேப்டாப் வாங்கினால் அது மொத்தமாகக் கரைந்துவிடும், பல சமயம் போதாமலும் போகும். எக்ஸ்230 வலுவாகக் கட்டிய மெஷின். 2012-இல் வந்தது என்றாலும் அதில் இருக்கும் மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், ஒரு பள்ளி மாணவி பாடம் படிக்கவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் இன்றைக்கும் தாராளம். கோவிட் காலத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகள் தோட்டத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க, ஓடக்கூடிய ஒரு லேப்டாப்பை மூலையில் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

சரி, முதல் வேலை. தங்கை வழக்கமாக எப்படிப் பயன்படுத்துவாளோ அப்படியே எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மெஷின் திணறும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே இருக்கும் 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டிவிட்டு, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய் 'மெமரி'யைப் பாருங்கள். அங்கே 'கமிட்டட்' என்று ஒரு வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்தான் முக்கியம். திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் இடம் அது. உங்களிடம் இருப்பது 4 ஜிபி, அந்த எண் 5, 6 என்று காட்டினால், மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். அதே பக்கத்தில் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏன் இவ்வளவு மோசமாகத் திணறுகிறது என்றால், ரேமில் இருக்கும் ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். ஹார்ட் டிஸ்க்கோ சுற்ற வேண்டும். பழைய லேப்டாப்புகளில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை கணினி காத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் லட்சம் மடங்கு வித்தியாசம். பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சின்ன வாளியோடு போனால் சில மங்குகளில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணங்களில்) இருப்பதை ஊற்றியதுமே நிறைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஸ்டோருக்கு நடந்து கொட்டிவிட்டு வர வேண்டும். நாள் முழுக்க நடைதான், வெட்டு நடக்காது. உங்கள் லேப்டாப் இப்போது செய்துகொண்டிருப்பது அந்த நடை.

ஒருவேளை கமிட்டட் எண் 3-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் மெஷின் மெதுவாக இருக்கிறது என்றால் ரேம் வாங்காதீர்கள். 'சி.பி.யூ.' எப்போதும் 100-இல் நின்றால் உள்ளே தூசி அடைத்துச் சூடேறுகிறதா, ஏதாவது வைரஸ் ஸ்கேன் ஓடுகிறதா என்று பாருங்கள். டிஸ்க் மட்டும் 100 என்றால் அது எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போட வேண்டிய மெஷின். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டாஸ்க் மேனேஜரை மூடுவதற்கு முன், அதே மெமரி பக்கத்தின் அடியில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று இருப்பதையும் பாருங்கள். எக்ஸ்230-இல் இரண்டு ஸ்லாட் (ரேமைச் செருகும் இடம்) உண்டு. '1 ஆஃப் 2' என்று காட்டினால் நல்ல காலம், ஒரு ஸ்லாட் காலி. இருக்கிறதை எடுக்காமல் புதியதைச் சேர்த்தாலே போதும். '2 ஆஃப் 2' என்றால் இரண்டு 2 ஜிபி ஸ்டிக் (ரேம் பலகை) இருக்கிறது, ஒன்றையாவது கழற்றத்தான் வேண்டும். இன்னும் விவரம் வேண்டுமானால் சி.பி.யூ.-இசட் என்ற இலவச புரோகிராமில் 'எஸ்.பி.டி.' பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்தக் கம்பெனி ஸ்டிக், எத்தனை ஜிபி என்று தனித்தனியாகக் காட்டும். அப்படியே 'செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட்' போய் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்றும் பார்த்துவிடுங்கள். 32 பிட் விண்டோஸ் 10-க்கு 4 ஜிபிதான் உச்சம். அதில் எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை, முதலில் 64 பிட்டை ஏற்ற வேண்டும்.

இப்போது எது பொருந்தும் என்பது. நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான்.

லேப்டாப் ரேமுக்கு எஸ்.ஓ.-டிம் என்று பெயர், மேசைக் கணினி ரேமில் பாதி நீளம்தான் இருக்கும். அதிலும் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.3-க்கு 204 பின் (விளிம்பில் இருக்கும் தொடுமுனைகள்), டி.டி.ஆர்.4-க்கு 260, டி.டி.ஆர்.5-க்கு 262. தங்க நிற விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது. உங்கள் எக்ஸ்230 டி.டி.ஆர்.3. ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வரை, மொத்தம் 16 ஜிபி ஏற்கும்.

டி.டி.ஆர்.3-க்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது. சாதா டி.டி.ஆர்.3 1.5 வோல்ட்டில் ஓடும். 'எல்' சேர்ந்த டி.டி.ஆர்.3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5-இலும் ஓடும். வெட்டு இரண்டுக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் எந்த டி.டி.ஆர்.3 ஸ்லாட்டிலும் இரண்டுமே உள்ளே போய்விடும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை இன்டெல், எதைப் போட்டாலும் ஏற்கும். இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனியுங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் 'எல்' வகைதான் வேண்டும். சாதாவைப் போட்டால் உள்ளே உட்காரும், திரை வராது. அதனால் எந்த டி.டி.ஆர்.3 லேப்டாப்பானாலும் 'எல்' வகையையே கேட்டு வாங்குவது நல்லது, எல்லா இடத்திலும் செல்லும். ஆறாம் தலைமுறையில் சில மாடல் டி.டி.ஆர்.3எல், சில மாடல் டி.டி.ஆர்.4. அதை ஊகிக்கவே கூடாது, திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கடைக்காரர்களில் பலர்கூடக் கவனிக்காதது. 8 ஜிபி டி.டி.ஆர்.3 ஸ்டிக் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் கறுப்பு சிப்புகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 16 இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு சிப்பும் 512 எம்பி. சில ஸ்டிக்குகளில் 8 சிப்புதான் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபி. நான்காம் தலைமுறை வரை உள்ள இன்டெல் கோர் பிராசசர்களுக்கு அவ்வளவு அடர்த்தியான டி.டி.ஆர்.3 சிப்பைப் படிக்கத் தெரியாது. ஸ்டிக் நல்லதுதான், உங்கள் மெஷினில் மட்டும் உயிர் வராது. விற்றவர் வேறு மெஷினில் போட்டு ஓட்டிக் காட்டுவார், நீங்கள் வீட்டுக்கு வந்து தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் 16 சிப்பு, '1ஆர்எக்ஸ்8' என்றால் 8. 4 ஜிபி ஸ்டிக்கில் 8 சிப்பு இருப்பது சரிதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லேபிளில் நீங்கள் தேட வேண்டியது 'பி.சி.3எல்-12800எஸ்' என்ற எழுத்து. 12800 என்பது நொடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கு. 1600 வேகத்தை 8 பைட்டால் பெருக்கினால் வருவது. அதாவது இதுவும் 'டி.டி.ஆர்.3எல் 1600'-உம் ஒன்றுதான். கடைசி 'எஸ்' எஸ்.ஓ.-டிம் என்பதற்கு. இருக்கும் ஸ்டிக் 10600 என்று போட்டிருந்தால் அது 1333 வேகம். புதியது 1600 ஆனாலும் இரண்டும் சேர்ந்து 1333-இல் ஓடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம்.

எல்லா லேப்டாப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிசான மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்திருப்பார்கள். மேக்புக் ஏர் முழுக்க அப்படித்தான், ரெட்டினா திரை வந்த மேக்புக் ப்ரோவும் அப்படியே. திங்க்பேட் டி440எஸ்-இல் 4 ஜிபி சாலிடரில், கூட ஒரே ஒரு ஸ்லாட். மாடல் விவரத்தில் 'எல்.பி.டி.டி.ஆர்.' என்று பார்த்தால் பழைய மெஷின்களில் அது நிச்சயம் ஒட்டிய ரேம், கை வைக்க முடியாது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதை வாங்குவதற்கு முன்னாலேயே தேடிப் பாருங்கள்.

எவ்வளவு போடுவது? தங்கை செய்யும் வேலைக்கு 8 ஜிபி போதும். ஒரு ஸ்லாட் காலி என்றால் இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் 4+4. இரண்டும் ஒரே அளவாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பிராசசர் இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும். எக்ஸ்230-இல் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. அதனால் வீடியோ ஓட்டும்போது அந்த லாபம் தெரியும். 8 ஜிபி ஸ்டிக்குக்கும் 4 ஜிபி ஸ்டிக்குக்கும் விலை பெரிதாக வித்தியாசம் இல்லையென்றால் 8 வாங்கி 4+8=12 ஆக்கிக்கொள்ளுங்கள். அளவு வேறாக இருந்தாலும் ஓடும், பொருந்தும் 8 ஜிபி வரை இரட்டை வேகத்திலும் மிச்சம் ஒற்றை வேகத்திலும் ஓடும். 16 இந்த மெஷினுக்கு அவசியமில்லை.

வாங்கும் இடம். டி.டி.ஆர்.3-க்குப் புதுசு தேட வேண்டியதில்லை. ஆபீஸ் லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், கிங்ஸ்டன் ஸ்டிக்குகளே நல்லது. ரேமில் சுற்றும் பாகம் ஏதும் இல்லை, ஹார்ட் டிஸ்க் மாதிரி தேயாது. ஓடுகிற ஸ்டிக் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஈப்போவில் பழைய லேப்டாப் விற்கிற கடைகளில் கேளுங்கள், அரை மணி நேரப் பயணம்தான். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் லோ யாட் பிளாசா இருக்கவே இருக்கிறது. ஷோப்பி, லசாடாவில் வாங்கினால் லேபிள் தெளிவாகத் தெரியும் படம் போட்டவரிடம் மட்டும் வாங்குங்கள். 'ஏ.எம்.டி. மட்டும்' என்று விவரத்தின் அடியில் எங்காவது எழுதியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், அது இன்டெல் மெஷினில் ஓடாது. ஓடாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இன் பிற்பாதியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக ஆலைகள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. மைக்ரான் நிறுவனம் 'குருஷியல்' என்ற பெயரில் நம் மாதிரி ஆட்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போன வருடம் நண்பர் ஒருவர் வாங்கிய விலையை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கியாயிற்று. முந்தின இரவே தங்கையின் பாடக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ரேம் மாற்றுவதால் கோப்பு அழியாது. ஆனாலும் பரீட்சை வருடத்தில் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது நல்லதல்ல. மறுநாள் பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். மெஷினை நிறுத்தும்போது ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுங்கள். விண்டோஸ் 10 சாதாரணமாக நிறுத்தும்போது முழுதாக நிற்காமல் பாதித் தூக்கத்தில் போய்விடும், ஷிப்ட் பிடித்தால்தான் முழுக்க நிற்கும். அப்புறம் சார்ஜரைக் கழற்றுங்கள். மெஷினைக் கவிழ்த்து, பேட்டரியின் இரண்டு தாழ்களையும் விலக்கிப் பேட்டரியை வெளியே எடுங்கள். எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் புதிய மாடல் திங்க்பேட் என்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) 'பில்ட்-இன் பேட்டரி'யை டிசேபிள் செய்யும் வசதி இருக்கும், அதைச் செய்யாமல் திறக்கக் கூடாது.

நிலை மின்சாரம் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். கதவு ஜன்னல் திறந்த தோட்டத்து வீட்டில், நம் ஊர் ஈரக் காற்றில், அது சேர்வது குறைவு. ஏர்கான் அறையில் கூடும். எதற்கும் கம்பளத்தின் மேல் உட்காராமல் மர மேசையில் வேலை செய்யுங்கள். ரேமைத் தொடுவதற்கு முன் லேப்டாப்பின் உள்ளே தெரியும் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிடுங்கள், அது போதும்.

கூட்டல் குறி மாதிரி முனை உள்ள (பிலிப்ஸ்) ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், சின்ன அளவு. மலிவான மழுங்கிய முனையைப் பயன்படுத்தினால் திருகின் தலை வழுக்கிப் போய்விடும், இந்த வேலையில் கொஞ்சமாவது ஆபத்து என்றால் அதுதான். எக்ஸ்230-இன் அடிப்பக்கம் ரேமுக்கென்றே ஒரு சின்ன மூடி உண்டு. அதன் திருகுக்குப் பக்கத்தில் ரேம் படம் சிறியதாக அச்சாகியிருக்கும். கீபோர்டு படம் போட்ட திருகுகளும் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். கழற்றிய திருகு எதுவாக இருந்தாலும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போடுங்கள், மேசை விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் தூசி இருக்கும். தோட்டத்து வீடுகளில் எறும்பும் இருக்கும். சூடான இடம் என்று கூடு கட்டிவிடும், பல்லி முட்டைகூட இருக்கலாம். மெல்லிய பெயிண்ட் பிரஷால் தள்ளி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பூச்சி மருந்து அடிக்கவே கூடாது.

பழைய ஸ்டிக்கைக் கழற்ற வேண்டியிருந்தால், அதன் இரண்டு ஓரத்திலும் பிடித்திருக்கும் உலோகக் கைகளைக் கட்டைவிரல் நகத்தால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஸ்டிக் தானாகவே சாய்வாக எழுந்து நிற்கும். அதே சாய்வில் இழுத்தால் வந்துவிடும். புதியதை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பின்களில் விரல் படக்கூடாது. ஸ்லாட்டின் நடுவில் ஒரு சின்ன மேடு இருக்கும், ஸ்டிக்கின் வெட்டு அதற்கு நேராக வர வேண்டும். கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் வைத்து, இரண்டு மூலையிலும் சமமாக உள்ளே தள்ளுங்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். தங்கக் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, அல்லது நூலளவு மட்டும் தெரியும் அளவுக்கு உள்ளே போக வேண்டும். நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். ஆனால் வளைகிற மாதிரி இருந்தால் நிறுத்தி, சாய்வைச் சரி செய்து மறுபடி தள்ளுங்கள். முழுதாகப் போன பிறகுதான் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டிக்' என்று ஒரு சத்தம், உலோகக் கைகள் ஸ்டிக்கின் ஓரத்து வளைவுகளைக் கவ்விக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் கவ்வினால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மூடியை இன்னும் திருகிவிடாதீர்கள். பேட்டரியை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். முதல் தடவை வழக்கத்தைவிடச் சற்று நேரம் திரை கறுப்பாகவே இருக்கலாம், மெஷின் புதிய ரேமைச் சோதித்துப் பழகுகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். சில மாடல்கள் ரேம் அளவு மாறியிருக்கிறது என்று ஒரு செய்தி காட்டித் தொடரட்டுமா என்று கேட்கும். லெனோவோ எழுத்து வரும்போது எஃப்1 அழுத்தினால் பயாஸ் திறக்கும், அங்கே மொத்த ரேம் அளவு தெரியும். 12 ஜிபி போட்டிருந்தால் 12288 எம்பி. விண்டோசுக்குள் 'யூசபிள்' என்று அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், கிராபிக்சுக்கு ஒதுக்கியது போக மிச்சம் அது. யாரும் ஏமாற்றவில்லை.

திரையே வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது அல்லது விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஸ்டிக் சரியாக உட்காராததுதான் காரணம். நிறுத்தி, பேட்டரியை எடுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் புதிய ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்டில், பிறகு அடுத்த ஸ்லாட்டில். அப்புறம் பழையதை மட்டும். இப்படி மாற்றிப் போட்டாலே குற்றம் ஸ்டிக்கிலா ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும். பின்கள் மங்கியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பழைய ஸ்டிக்கோடு மெஷின் முன்போலவே ஓடினால் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, புதியது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஓடிவிட்டதா? உடனே தங்கையிடம் கொடுத்துவிடாதீர்கள், ஒரு இரவு சோதனை போடுங்கள். விண்டோஸ் தேடலில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தட்டினால் உள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. அதைவிட நல்லது மெம்டெஸ்ட்86+. இலவசம், பென் டிரைவிலிருந்து ஓடும். மெஷினைச் சார்ஜரில் போட்டு, கட்டில் மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். இடி மின்னல் இருந்தால் வேறொரு நாள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. ஒன்று வந்தாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒன்றுதானே" என்று விட்டால், கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது நீலத் திரை வரும், அல்லது கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

இப்போது எஸ்.எஸ்.டி. பற்றி. ரேம் கூட்டிய பிறகு பாதி வேலையில் நிற்பது போகும். ஆனால் மெஷினைத் திறக்கவும் புரோகிராம் தொடங்கவும் பழைய டிஸ்க் எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கமிட்டட் எண் 4-ஐத் தாண்டுகிற உங்கள் மாதிரி கேஸுக்கு ரேம் முதலில். தாண்டாதவர்களுக்கு எஸ்.எஸ்.டி. முதலில். அடுத்த சம்பளத்தில் வாங்கும்போது 2.5 இஞ்சு சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிமன் என்று பாருங்கள், எக்ஸ்230-இல் அதைவிடத் தடிமனானது உள்ளே போகாது. 'ரேம் பூஸ்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம் எதையும் ஏற்றாதீர்கள், அவை ரேமைக் கூட்டுவதில்லை, தின்னத்தான் செய்யும்.

கடைசியாக, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது, உங்களுடையது மூன்றாம் தலைமுறை. ரேமைக் கூட்டினாலும் இது மாறாது. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பரீட்சை வருடத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அதற்கு 4 ஜிபியே போதும் என்கிறார்கள், உங்களிடம் அதைவிடக் கூடவே இருக்கும். பென் டிரைவிலிருந்து ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். டெலிமாவும் கிளாஸ்ரூமும் பிரௌசரில் ஓடுகிறவை, அவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பதில்லை. தங்கை தமிழ் மொழிப் பாடத்துக்குத் தட்டச்சு செய்கிறாள் என்றால் தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது.

ரேம் வாங்கப் போவதற்கு முன்னாலேயே, மேலே சொன்னபடி மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்கின் லேபிளைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுங்கள். கடையில் அந்தப் படத்தைக் காட்டி, "இதே வகை, 16 சிப்பு உள்ள 8 ஜிபி அல்லது இதே மாதிரி இன்னொரு 4 ஜிபி" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.